வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? நீங்களே அளந்து பார்க்கலாம்

சாலை எவ்வளவு அகலம், பேருந்து எவ்வளவு வேகம், நெரிசல் எவ்வளவு குறைந்தது என்றெல்லாம் சொல்லும் அறிக்கைகள் நிறைய வருகின்றன. ஆனால் அந்தச் சாலையோரம் குடியிருப்பவர் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கடைக்கோ எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறார் என்பதைச் சொல்பவை குறைவு. பயணம் செய்பவருக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். முதல் சுற்றின் கணக்குக்கு எக்செல் தெரிந்தால் போதும், வரைபட வேலைக்கான மென்பொருளைக் கீழே சொல்கிறேன்.

இப்படி எட்டும் வசதியை அளக்கும் துறையில் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1959-இல் வால்டர் ஹான்சன் எழுதிய கட்டுரை. ஓர் இடத்தைச் சுற்றி எத்தனை வாய்ப்புகள் இருக்கின்றன, அவற்றை எட்டுவது எவ்வளவு சிரமம் என்ற இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்று காட்டினார். கீழே வருவதெல்லாம் அதன் எளிய வடிவங்களே.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

யார், எங்கே, எதில், எப்போது, எத்தனை நிமிடத்தில் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாக: "வார நாளில் காலை 7 முதல் 9 மணிக்குள் கிளம்பி, பேருந்திலும் நடந்தும் 30 நிமிடத்துக்குள் மருத்துவமனையை எட்டக்கூடியவர்கள் மொத்த மக்களில் எத்தனை சதவீதம்?" ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும், கணக்கின் பாதியில் நம் வசதிக்கு ஏற்ப அதை நிரப்பிவிடுவோம்.

எந்த இடங்களை அத்தியாவசியம் என்று எடுப்பது? இங்கிலாந்தின் போக்குவரத்துத் துறை தன் பயண நேரப் புள்ளிவிவரங்களுக்கு எட்டு வகைகளை எடுத்துக்கொண்டது: வேலை மையங்கள், தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, மேற்படிப்பு நிலையம், பொது மருத்துவர், மருத்துவமனை, உணவுக் கடை, நகர மையம். நல்ல பட்டியல்தான். ஆனால் முதல் முறை செய்பவர் ஒன்றே ஒன்றை மட்டும் எடுங்கள். இங்கே மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம்.

படி 2: மக்களை வரைபடத்தில் வையுங்கள்

ஒரு வார்டை அப்படியே ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்டின் மையம் வெறும் திடலாக இருக்கலாம். மக்கள் எல்லாரும் ஒரு மூலையில் குடியிருக்கலாம். பகுதியை 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று எழுதுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவ்வளவு நுணுக்கமான விவரம் இல்லையென்றால், வேர்ல்ட்பாப் திட்டம் சுமார் 100 மீட்டர் கட்டங்களில் தரும் மதிப்பீட்டை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கட்டம் போடுவதும் மக்கள்தொகையைக் கூட்டுவதும் சில நிமிட வேலை.

படி 3: சேருமிடங்களைக் குறியுங்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து மருத்துவமனைகளின் இடங்களை எடுக்கலாம். தன்னார்வலர்கள் வரைந்தது என்பதால் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். மூடப்பட்டது இன்னும் வரைபடத்தில் இருக்கும். புதிதாகத் திறந்தது விடுபட்டிருக்கும். பெரிய வளாகம் என்றால் வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளியை வையுங்கள், கட்டடத்தின் நடுவில் வேண்டாம்.

படி 4: பயண நேரத்தைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மருத்துவமனையைச் சுற்றி 2 கி.மீ. வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் "அருகில்" என்று சொல்லிவிடுவது சுலபம். நடுவே ஆறோ ரயில் பாதையோ குறுக்கிட்டால் அந்த வட்டத்துக்கு அர்த்தமே இல்லை. மனிதர்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள், அதனால் தூரத்தையும் தெரு வழியாகவே அளக்க வேண்டும். நடக்க மட்டும் என்றால் க்யூஜிஐஎஸ்-இல் ஓஆர்எஸ் டூல்ஸ் நீட்சியைச் சேர்த்து, ஓர் இடத்திலிருந்து 10, 20, 30 நிமிடத்தில் எட்டும் எல்லைகளை வரையலாம்.

பொதுப் போக்குவரத்து என்றால் கணக்கு மாறும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, பயணம், மாறி ஏறுவதற்கு மறுபடி காத்திருப்பு, கடைசியாக இறங்கிய இடத்திலிருந்து நடை, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். காத்திருப்பை விட்டுவிட்டால் நிமிடங்கள் பொய்யாகக் குறைந்து தெரியும். 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஒழுங்காக வருகிறது என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார். கையால் கணக்குப் போட இந்தப் பாதி விதி போதும்.

ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்ற குறியீடு, 500 மீட்டருக்குள் பேருந்து நிறுத்தமோ 1 கி.மீ.க்குள் ரயில், மெட்ரோ போன்ற பெரிய சேவையின் நிறுத்தமோ உள்ள மக்களை எண்ணுகிறது. நாடுகளை ஒப்பிட உதவும். ஆனால் அந்தப் பேருந்து எங்கே போகிறது, எத்தனை முறை வருகிறது என்று அது கேட்பதில்லை. அதனால் நிறுத்தத்தோடு நம் கணக்கை நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

துல்லியமாகச் செய்ய ஜிடிஎஃப்எஸ் கோப்பு வேண்டும். நிறுத்தங்கள், தடங்கள், புறப்படும் நேரங்கள் எல்லாம் அடங்கிய கால அட்டவணைதான் அது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய வடிவம், இப்போது உலகம் முழுக்கப் புழங்குகிறது. இந்தக் கோப்பையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, ஆர் என்ற நிரல்மொழியின் ஆர்5ஆர் தொகுப்பிடம் கொடுத்தால் எல்லாக் கட்டங்களிலிருந்தும் பயண நேரத்தைக் கணக்கிட்டுத் தரும். பைத்தான் பழகியவர்களுக்கு ஆர்5பை இருக்கிறது.

ஒரே ஒரு நேரத்துக்கு, சரியாக 8 மணிக்குக் கிளம்புவதாக வைத்து மட்டும் ஓட்டிவிடாதீர்கள். 7:59-க்குப் பேருந்து போயிருந்தால் அந்தக் கட்டமே மோசமாகத் தெரியும். 8:02-க்கு வந்தால் அதிர்ஷ்டக்காரக் கட்டமாகிவிடும். 7 முதல் 9 வரை ஒவ்வொரு நிமிடமும் கிளம்புவதாக வைத்து, கிடைக்கும் நேரங்களின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள்.

அட்டவணையே இல்லாத சிற்றுந்துகளும் பங்கு வாகனங்களும் ஓடும் ஊரில் என்ன செய்வது? கைப்பேசியோடு ஏறி, தடத்தையும் நிறுத்தங்களையும் பதிவு செய்யலாம். கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஓடும் மட்டாட்டு என்ற சிற்றுந்துகளை டிஜிட்டல் மட்டாட்டுஸ் குழு இப்படித்தான் பதிவு செய்து, ஜிடிஎஃப்எஸ் வடிவில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை அது.

படி 5: சதவீதத்தை எடுங்கள்

நான்கே கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'அ' கட்டத்தில் 400 பேர், 12 நிமிடம். 'ஆ'-வில் 900 பேர், 25 நிமிடம். 'இ'-யில் 600 பேர், 34 நிமிடம். 'ஈ'-யில் 100 பேர், 70 நிமிடம். மொத்தம் 2000 பேர். 30 நிமிடத்துக்குள் எட்டுபவர்கள் 'அ', 'ஆ' இரண்டும் சேர்த்து 1300 பேர், அதாவது 65%.

இதே தாளில் சராசரியையும் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மக்களையும் நிமிடத்தையும் பெருக்கிக் கூட்டி 2000-ஆல் வகுத்தால் சுமார் 27 நிமிடம் வரும். சராசரியை மட்டும் சொன்னால் "30-க்குள் இருக்கிறது, எல்லாம் சரி" என்று ஆகிவிடும். 700 பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதும், 'ஈ' கட்டத்து 100 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது என்பதும் அதில் காணாமல் போகும். அந்த 100 பேரைப் பார்க்கத்தான் இவ்வளவு வேலையும். அதனால் சராசரியைத் தனியாக ஒருபோதும் வெளியிடாதீர்கள்.

எல்லையை 20, 45 என்று மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். 30-ஐ 35 ஆக்கினால் 'இ' கட்டமும் உள்ளே வந்து, 65% சட்டென்று 95% ஆகிவிடுகிறது. எல்லை ஓரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

படி 6: தேவைப்பட்டால் இன்னும் இரண்டு கணக்குகள்

வேலைவாய்ப்பு போல எண்ணிக்கை முக்கியமான இடங்களுக்கு, தூரம் கூடக் கூட மதிப்பைக் குறைத்துக் கூட்டலாம். அடுக்குக்குறிச் சார்பில் (எக்செல்லில் EXP(-விகிதம்*நிமிடம்)) குறைவு விகிதத்தை நிமிடத்துக்கு 0.05 என்று வைத்தால், 10 நிமிடத்தில் உள்ள ஒரு வேலை 0.61 ஆகவும், 30 நிமிடத்தில் உள்ளது 0.22 ஆகவும், ஒரு மணி நேரத்தில் உள்ளது 0.05 ஆகவும் கணக்கில் சேரும். அந்த விகிதத்தை ஊரின் பயணக் கணக்கெடுப்பிலிருந்து எடுப்பதே முறை.

மருத்துவமனைக்கு இன்னொரு விஷயம் உண்டு: எட்டிவிட்டால் போதாது, மருத்துவரும் இருக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும், 30 நிமிடத்துக்குள் இருக்கும் மக்களால் அதன் மருத்துவர்களை வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும், அது எட்டக்கூடிய மருத்துவமனைகளின் விகிதங்களைக் கூட்டுங்கள்.

படி 7: வேறு ஆளுக்காகத் திரும்ப ஓட்டுங்கள்

நடை வேகத்தை மணிக்கு 4.8 கி.மீ. என்று வைப்பது வழக்கம். முதியவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் அது பொருந்தாது. 3 கி.மீ. வைத்து ஒரு தடவை, இரவு 9 மணிக்கு மேல் ஒரு தடவை, படிக்கட்டு உள்ள பாதைகளை நீக்கி ஒரு தடவை ஓட்டுங்கள். கார் வைத்திருப்பவரின் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கட்டங்களில் இந்த எண்கள் மிக விலகிப் போகின்றனவோ அவற்றை வரைபடத்தில் அடர்நிறத்தில் காட்டுங்கள். வரைபடத்தின் ஓரத்திலேயே நீங்கள் வைத்த நடை வேகம், கிளம்பும் நேரம், அட்டவணையின் தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு புதிய தடம் வந்த பிறகு அதே விதிகளோடு ஓட்டினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.