சட்ட வரலாற வச்சு இங்கிலீஷ் கிராமர் பழகுறது எப்படி

கிராமர் புக்ல வர்ற "ராம் ஈட்ஸ் எ மேங்கோ"வ எத்தன தடவ மாத்தி மாத்தி எழுதினாலும் மனசுல நிக்காது, ஏன்னா ராம் மாம்பழம் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. சட்டத்துல அப்படி கிடையாது. ஒரு "இஃப்", ஒரு "ஆர்", ஒரு கமா இடம் மாறினா ஒருத்தர் உயிரே போயிடும், இல்ல ஒரு கம்பெனி கோடிக்கணக்குல பணம் கட்டும். அதனால டென்ஸ், கண்டிஷனல், பாசிவ் எல்லாத்தையும் பழைய சட்டங்கள வச்சு பழகுங்கன்னுதான் நான் கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்றேன். லா காலேஜ் பசங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, பேங்க் எக்ஸாம் எழுதுறவங்க, ஐஇஎல்டிஎஸ் படிக்கிறவங்க, யாருக்கும் ஒத்து வரும், பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் இருந்தா போதும்.

ஹம்முராபில இருந்து ஆரம்பிங்க. பாபிலோன் ராஜா, அவரோட சட்டத்த கி.மு. 1750 வாக்குல ரெண்டு மீட்டருக்கு மேல உயரமான கருங்கல்லுல செதுக்கினாங்க, 282 சட்டம்னு ஆராய்ச்சியாளர்கள் நம்பர் போட்டு வச்சிருக்காங்க, அதுல பெரும்பாலும் "இஃப்"னுதான் ஆரம்பிக்கும். யேல் யுனிவர்சிட்டியோட அவலான் பிராஜெக்ட் வெப்சைட்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு முழுசா ஃப்ரீயா இருக்கு. 229ல இருந்து 233 வரைக்கும் எடுத்துக்கங்க, அஞ்சுமே கொத்தனார் பத்தினது. வீட்ட ஒழுங்கா கட்டாம, அது இடிஞ்சு வீட்டுக்காரர் செத்தா கொத்தனாருக்கு மரண தண்டனை, வீட்டுக்காரர் மகன் செத்தா கொத்தனாரோட மகனுக்கு மரண தண்டனை, பொருள் சேதமானா நஷ்ட ஈடு குடுத்து வீட்டையும் சொந்த செலவுல திரும்ப கட்டணும். கொடூரமான சட்டம்தான், ஆனா படிச்சா மறக்காது.

இத இன்னிக்கு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க: "இஃப் எ பில்டர் பில்ட்ஸ் எ ஹவுஸ் பேட்லி அண்ட் இட் ஃபால்ஸ், ஹி வில் பி பனிஷ்டு." இங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் "இஃப் ஹி வில் பில்டு"ன்னு எழுதிடுறாங்க. தமிழ்ல எப்படி பேசுறோம்னு கவனிங்க, "நாளைக்கு அவன் வந்தா நான் போவேன்"னு சொல்றோம், வர்றது நாளைக்குத்தான், ஆனாலும் "வந்தா"ல எதிர்காலம் இல்ல, "போவேன்"ல மட்டும்தான் இருக்கு. இங்கிலீஷும் அதேதான், "வில்" ரெண்டாவது பாதியில மட்டும். அப்புறம் அதே கொத்தனார கற்பனைக்கு மாத்துங்க: "இஃப் ஐ வேர் எ பில்டர் இன் பாபிலோன், ஐ வுட் செக் எவ்ரி வால் ட்வைஸ்." அடுத்தது நடந்து முடிஞ்சதுக்கு: "இஃப் ஹி ஹேட் யூஸ்டு பெட்டர் பிரிக்ஸ், த ஹவுஸ் வுட் நாட் ஹேவ் ஃபாலன்." அஞ்சு சட்டத்துக்கும் இந்த மூணு வடிவத்துலயும் எழுதினா பதினஞ்சு வாக்கியம் ஆச்சு, கண்டிஷனல்ல இதுக்கு மேல பயப்பட ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம், அந்த பழைய மொழிபெயர்ப்புல "இஃப் எ பில்டர் பில்டு"ன்னு எஸ் இல்லாம இருக்கும், அது தப்பு இல்ல, சப்ஜங்க்டிவ்னு ஒரு பழைய வழக்கம், நீங்க எழுதும்போது எஸ் போட்டே எழுதுங்க.

டென்ஸுக்கும் அதே கல்லுதான். அது பாபிலோனியாவுல செஞ்சது, கி.மு. 12ஆம் நூற்றாண்டுல ஈலம் நாட்டு ராஜா ஒருத்தர் போர்ல ஜெயிச்சு சூசாங்கிற ஊருக்கு தூக்கிட்டு போயிட்டார், அந்த ஊரு இன்னிக்கு ஈரான்ல இருக்கு. 1901-02ல ஃப்ரெஞ்ச் ஆராய்ச்சியாளர்கள் அங்க தோண்டி எடுத்தாங்க, இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. ரெண்டு பழைய விஷயத்துல எது முன்னாடி நடந்துச்சோ அதுக்கு "ஹேட்": "வென் த ஃப்ரெஞ்ச் டீம் ஃபவுண்ட் த ஸ்டோன், தி ஈலமைட்ஸ் ஹேட் ஆல்ரெடி கேரிட் இட் டு சூசா." இன்னும் தொடருறதுக்கு: "இட் ஹேஸ் பீன் இன் பாரிஸ் ஃபார் மோர் தேன் எ ஹண்ட்ரட் இயர்ஸ்." நாம "நூறு வருஷத்துக்கு மேலா பாரிஸ்ல இருக்கு"ன்னு சொல்றதால, அப்படியே "இட் இஸ் இன் பாரிஸ் ஃப்ரம் ஹண்ட்ரட் இயர்ஸ்"னு வாயில வந்துடும், அத கவனமா நிறுத்துங்க.

பாசிவ் வாய்ஸுக்கு மேக்னா கார்ட்டாவ விட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல. 1215 ஜூன் 15, தேம்ஸ் கரையில ரன்னிமீட்ங்கிற இடத்துல இங்கிலாந்து ராஜா ஜான பிரபுக்கள் ஒத்துக்க வச்ச உரிமை சாசனம் அது. மூலம் லத்தீன், நாம படிக்கிறது மொழிபெயர்ப்பு. 39ஆவது பிரிவு சுருக்கமா: "நோ ஃப்ரீ மேன் ஷேல் பி இம்ப்ரிசன்ட் எக்ஸெப்ட் பை த லாஃபுல் ஜட்ஜ்மெண்ட் ஆஃப் ஹிஸ் ஈக்வல்ஸ் ஆர் பை த லா ஆஃப் த லேண்ட்." இதுல யாரு ஜெயில்ல போடுறதுன்னே சொல்லல, பாசிவோட வேலையே அதுதான். மறைஞ்சிருக்கிற ராஜாவ வெளிய கொண்டு வாங்க: "த கிங் ஷேல் நாட் இம்ப்ரிசன் எனி ஃப்ரீ மேன்." "நோ" இருந்த இடத்துல "நாட் எனி" வந்துச்சு பாருங்க, ரெண்டையும் சேத்து "நோ மேன் ஷேல் நாட்"னு எழுதினா அர்த்தம் தலைகீழா போயிடும். அடுத்து "ஃப்ரீ"ங்கிற ஒத்த அட்ஜெக்டிவ கவனிங்க, பிரபுக்களோட நிலத்துல கட்டுப்பட்டு கிடந்த விவசாயிங்க அந்த ஒத்த சொல்லால வெளிய நின்னாங்க, 1354ல மூணாம் எட்வர்ட் காலத்துலதான் எந்த நிலையில இருக்கிற மனுஷனா இருந்தாலும்னு சட்டத்துல மாத்தி எழுதினாங்க. அட்ஜெக்டிவ்னா அலங்காரம்னு சொல்லிக் குடுத்தவங்கள இத படிக்க சொல்லணும்.

நீள வாக்கியம் பாத்தா பயமா இருக்குன்னா நம்ம நாட்டு ஐபிசிக்கு, அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்கு வாங்க. மெக்காலே தலைமையில 1837ல வரைவு போட்டாங்க, 1860ல சட்டமாச்சு, 1862 ஜனவரி 1ல இருந்து 2024 ஜூன் கடைசி வரைக்கும் நடைமுறையில இருந்துச்சு, இப்ப அதோட இடத்துல பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 378, புதுசுல 303, திருட்டுக்கான விளக்கம், ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான்: "ஹூஎவர், இன்டெண்டிங் டு டேக் டிஸ்ஆனஸ்ட்லி எனி மூவபிள் ப்ராப்பர்ட்டி அவுட் ஆஃப் த பொசெஷன் ஆஃப் எனி பெர்சன் வித்அவுட் தட் பெர்சன்ஸ் கன்சென்ட், மூவ்ஸ் தட் ப்ராப்பர்ட்டி இன் ஆர்டர் டு சச் டேக்கிங், இஸ் செட் டு கமிட் தெஃப்ட்." பென்சில எடுத்து நடுவுல இருக்கிறத எல்லாம் அடிங்க, மிஞ்சுறது "ஹூஎவர் மூவ்ஸ் தட் ப்ராப்பர்ட்டி இஸ் செட் டு கமிட் தெஃப்ட்", அவ்வளவுதான் எலும்பு. மிச்சத்த ஒவ்வொண்ணா திரும்ப சேருங்க. அப்புறம் ஹாஸ்டல்ல ஒருத்தன் இன்னொருத்தன் சைக்கிள எடுத்துட்டு போனதா வச்சுக்கிட்டு கேள்வியா மாத்துங்க: "டிட் ஹி மூவ் த சைக்கிள்?", "டிட் தி ஓனர் கன்சென்ட்?", "டிட் ஹி இன்டெண்ட் டு டேக் இட் டிஸ்ஆனஸ்ட்லி?" "டிட்" வந்தா பின்னாடி "மூவ்டு" வராது, இந்த கேள்விகள சத்தமா கேட்டு கேட்டு பழகினா அந்த தப்பு தானா போயிடும். அந்த பிரிவுக்கு கீழயே உதாரணங்கள் இருக்கு, ஏ-ங்கிறவன் இசட்-டோட நிலத்துல மரத்த வெட்டுறான், திருடுற எண்ணத்தோட வெட்டி பிரிச்ச உடனே "ஹி ஹேஸ் கமிட்டட் தெஃப்ட்", தூக்கிட்டு போற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிரசண்ட் பெர்ஃபெக்ட்டோட அர்த்தம் இதவிட தெளிவா எங்கயும் பாத்ததில்ல.

"ஷேல்" பத்தி சுருக்கமா: சட்டத்துல அது கட்டாயம், "மே"ன்னா அனுமதி, நீங்க ஆபீஸ் மெயில் எழுதும்போது "ஷேல்"க்கு பதிலா "மஸ்ட்" இல்ல "வில்" போதும். "ஹியர்இன்ஆஃப்டர்", "அஃபோர்செட்" எல்லாம் பாத்தா ஆசையா இருக்கும், படிச்சு புரிஞ்சுக்கங்க, காப்பி அடிக்காதீங்க. "நல் அண்ட் வாய்டு", "வில் அண்ட் டெஸ்டமெண்ட்" மாதிரி ஒரே அர்த்தத்துக்கு ரெண்டு சொல் வர்றதும் பழைய கோர்ட் வழக்கம், இங்கிலாந்து கோர்ட்ல ரொம்ப காலம் ஃப்ரெஞ்சும் லத்தீனும் புழங்கினதோட தாக்கம் அதுல நிறைய இருக்கு. 1362ல இனிமே இங்கிலீஷ்லதான் வாதாடணும்னு சட்டம் போட்டாங்க, அந்த சட்டத்தையே ஃப்ரெஞ்சுலதான் எழுதினாங்க.

கமாவ கடைசியா வச்சேன், அதுக்கு பொறுமை வேணும். 1916ல ரோஜர் கேஸ்மெண்ட்னு ஐரிஷ்காரர், ஜெர்மனில இருந்த ஐரிஷ் போர்க்கைதிகள பிரிட்டனுக்கு எதிரா திரட்ட பாத்தார்னு தேசத்துரோக வழக்கு. 1351ல ஃப்ரெஞ்சுல எழுதின சட்டம், ராஜாவோட நாட்டுக்குள்ள எதிரிக்கு உதவுறது, "ஆர் எல்ஸ்வேர்"னு முடியுது. இந்த "எல்ஸ்வேர்" எதோட சேருது, நாட்டுக்கு வெளிய செஞ்சதும் குற்றமா? வாதம் அங்கதான் நின்னுச்சு, மூலப் பிரதிய எடுத்து நிறுத்தக்குறி இருக்கான்னே பாத்தாங்க. அவர் தோத்தார், ஆகஸ்ட் 3 தூக்குல போட்டாங்க.

இத விட கிட்டத்துல, அமெரிக்காவுல மெய்ன் மாநிலம். ஓவர்டைம் கிடைக்காத வேலைகளோட பட்டியல் "ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்"னு போகும், "ஷிப்மெண்ட்"டுக்கு அப்புறம் கமா இல்ல. அப்ப டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலையா, இல்ல டிஸ்ட்ரிபியூஷனுக்காக பேக் பண்றது மட்டுமா? ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியோட டிரைவருங்க, நாங்க டெலிவரிதான் பண்றோம், பேக் பண்றதில்லன்னு கேஸ் போட்டாங்க, 2017ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் நின்னுச்சு, 2018ல 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. மாநிலம் சட்டத்த திருத்தி ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல செமிகோலன் போட்டு, "டிஸ்ட்ரிபியூஷன்"ன "டிஸ்ட்ரிபியூட்டிங்"னு மாத்திடுச்சு. பழைய வரியையும் புது வரியையும் நோட்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி, நீங்க டிரைவர் பக்க வக்கீல்னு வச்சு மூணு வாக்கியம், கம்பெனி பக்கம் மூணு வாக்கியம் இங்கிலீஷ்ல எழுதுங்க, எழுதினத ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஒரு ஃப்ரெண்டுகிட்ட போட்டு காட்டி எந்த பக்கம் ஜெயிச்சதுன்னு கேளுங்க.