கப்பல் கட்டும் தளத்துக்குப் போகும் மதுரைப் பையன்கள் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் கப்பலூர் இருக்கிறது. பெயரில்தான் கப்பல்; கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அங்குள்ள தொழிற்பேட்டையிலும் கே.புதூர் ஐ.டி.ஐ.யிலும் கை பழகிய பையன்கள் கொச்சிக்கும் மும்பைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போர்க்கப்பல் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். வெல்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஊர் திரும்பினேன். கைவேலை போதாமல் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஊர்ப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் அங்கே மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

பாதிப் பேருக்குச் சிக்கல் வாசலிலேயே, அதுவும் இனிஷியலில் தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘மு. கண்ணன்’, ஆதாரில் ‘கண்ணன் முத்தையா’, ஐ.டி.ஐ. சான்றிதழில் ‘கண்ணன் எம்’, வங்கிக் கணக்கில் வெறும் ‘கண்ணன்’. நமக்கு நான்கும் ஒரே ஆள். அங்கே கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு ஆட்கள். காவல்துறைச் சரிபார்ப்பு முடியாமல் நுழைவுச் சீட்டு கிடைக்காது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2019இல் கொச்சியில் கட்டுமானத்தில் இருந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கணினிப் பாகங்கள் திருடுபோயின. தேசியப் புலனாய்வு முகமை விசாரித்து, பெயின்ட் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த இருவரைக் கைது செய்தது. 2021இல் போலி அடையாளத்தோடு அதே தளத்தில் வேலை பார்த்த ஆப்கானியர் ஒருவர் பிடிபட்டார். எனவே பஸ் ஏறுவதற்கு முன்பே எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் என்று ஆக்கிவிடுங்கள். அங்கே போய்த் திருத்துவது பெரும்பாடு.

செல்பேசியும் அதே வகைதான். தான் நிற்கும் இடத்தை ஊருக்குக் காட்டும் ஆசை யாருக்கும் வரும். வாட்ஸ்அப்பில் போட்ட ஒரு படத்தின் பின்னணியில் கப்பலின் மேல்தளம் தெரிந்ததற்காக வேலை போன பையனை எனக்குத் தெரியும். 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

எங்கே வேலை என்று கேட்டால் பலர் ‘டாக்யார்டு’ என்பார்கள். எந்த டாக்யார்டு என்று அவர்களுக்கே தெரியாது. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள நேவல் டாக்யார்டுகள் கடற்படையின் நேரடி நிர்வாகத்தில் இருப்பவை. முக்கிய வேலை பழுது பார்ப்பது. மும்பையின் மசகான் டாக், கொச்சி ஷிப்யார்டு, கொல்கத்தாவின் கார்டன் ரீச் ஆகியவை கப்பல் கட்டும் பொதுத்துறை நிறுவனங்கள். இவற்றுக்குள் நிரந்தர ஊழியர், குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவர், அப்ரண்டிஸ், காண்ட்ராக்டரின் ஆள் என நான்கு வகை உண்டு. நம் பையன்களில் பெரும்பாலோர் நான்காம் வகை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘கவர்மென்ட் வேலை’ என்று பெண் வீட்டில் சொல்லி, அந்தப் பொய்யைக் காப்பாற்றவே கடன் வாங்கியவர்கள் உண்டு. அப்ரண்டிஸ் முடித்தால் நிரந்தரம் நிச்சயம் என்பதும் தவறான எண்ணம். சான்றிதழ் நிச்சயம், வேலை நிச்சயமில்லை. பணம் கொடுத்தால் ‘உள்ளே’ வாங்கித் தருவேன் என்பவரிடம் ஆடு மாடு விற்ற காசைக் கொடுக்காதீர்கள். என் தெருவில் ஒரு குடும்பம் கொடுத்தது. வந்த ஆணையில் சிங்க முத்திரை கச்சிதமாக இருந்தது, வேலைதான் இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன். கிரில் பட்டறையில் வெல்டிங் ராடு பாக்கெட்டைப் பிரித்துத் தரையில் வைத்துவிட்டு நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பற்றவைப்போம். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அது போதும். கப்பல் உடலுக்குப் பயன்படும் குறைந்த ஹைட்ரஜன் ராடு அப்படி இல்லை. அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, உருகிய இரும்புக்குள் புகுந்துவிடும். பற்றவைத்த இடம் வெளியே பளபளவென்று இருக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உள்ளே விரிசல் விடும். அதனால்தான் கனமான, கடினமான தகடுகளில் பற்றவைத்த உடனே சோதிக்காமல் 48 மணி நேரம் வரை காத்திருக்கிறார்கள். ராடை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் சுட்டு, கையோடு எடுத்துப்போகும் மின்சாரச் சூட்டுப்பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நம் பையன் என்ன செய்கிறான்? பெட்டி கனம் என்று கீழே விட்டுவிட்டு, பத்து ராடைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஏணியில் ஏறுகிறான். நானும் செருகியவன்தான். எக்ஸ்ரேயில் மாட்டி, மூன்று நாள் வேலையைக் கிரைண்டரால் தோண்டி எடுத்தபோது என் மேஸ்திரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கப்பலின் அடியில் இரட்டைத் தரை உண்டு. இடையே சின்னச் சின்ன அறைகள். ஆள் நுழையும் துளை வழியாகக் குனிந்து போக வேண்டும். கிணறு தூர்வாரும் ஊரிலிருந்து வருபவர்களுக்குக் கெட்ட காற்று தெரியும். விளக்கை இறக்கிப் பார்த்த தாத்தாக்கள் இருந்தார்கள். அந்த அறிவை அப்படியே இங்கே கொண்டு வராதீர்கள். தீபம் வைத்துப் பார்க்கும் இடமல்ல இது, எரிவாயு கசிந்திருந்தால் வெடித்துவிடும். வெல்டிங்குக்குப் பயன்படும் ஆர்கான் வாயுவுக்கு மணமில்லை, காற்றைவிடக் கனம்; கீழறையில் தேங்கி ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே போகக்கூடாது. அதைச் சொல்வது மீட்டர்தான், மூக்கு அல்ல. சாப்பாட்டு வேளையில் கட்டிங் ஹோஸை, அதாவது தகடு வெட்டும் வாயு வரும் குழாயை, உள்ளே போட்டுவிட்டு வரக்கூடாது. வால்வை மூடி, ஹோஸை வெளியே இழுத்துவிட்டுத்தான் கேன்டீனுக்கு. வியர்வைக்கு ஆக்ஸிஜன் குழாயைச் சட்டைக்குள் விட்டுக் காற்று வாங்குவது நம் ஊர்ப் பட்டறைகளில் வேடிக்கையாகச் செய்வது. ஆக்ஸிஜன் ஏறிய துணியில் ஒரு பொறி பட்டால் அணைக்க நேரமிருக்காது. உள்ளே ஒருவன் மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். குதித்தவனும் அங்கேயே விழுவான். கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளில் நாம் படிப்பது இதைத்தான்.

கையில் கட்டிய வண்ணக் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒடிசாக்காரருக்கும் மலையாளிக்கும் அது புரியாது, தீப்பொறிக்கு மட்டும் புரியும். அவிழ்த்துவிட்டுப் போங்கள். சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும் அறை, அவர்களோடு மட்டும் சாப்பாடு என்று இருப்பவன் ஐந்து ஆண்டுகள் ஆனாலும் ‘ஹட்டோ’ (இந்தியில் ‘விலகு’) என்ற கத்தலுக்கு ஒரு நொடி தாமதமாகத் திரும்புகிறான். மேலே கிரேன் தொங்கும் இடத்தில் அந்த ஒரு நொடி பெரிது.

காண்ட்ராக்டர் ‘பி.எஃப். பிடிக்கிறோம்’ என்றால் நம்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினாரா என்பது உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் போட்டால் செல்பேசியிலேயே தெரியும். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், நீங்கள் கொச்சியில் இருந்தாலும் மதுரையில் இருக்கும் மனைவி மக்கள் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெற வழி உண்டு. குடும்பத்தின் பெயர்களைப் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தில் எட்டுப் பேர் அதைச் செய்வதில்லை.

கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டுபவர்களும் உண்டு. விக்ராந்த் 2013 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பரில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் குழாய், கேபிள், குளிரூட்டி, பெயின்ட் என்று வேலை ஏராளம். ஏறத்தாழ 2,300 அறைகள் அதில். தகடு வெல்டரின் தேவை குறையும் நேரத்தில் பைப் வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தேவை ஏறும். 45 டிகிரி சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் 6ஜி தேர்வை அதற்குள் முடித்து வைத்துக்கொண்டவன் அங்கேயே இருப்பான்.

கடைசியாக, சித்திரை. அழகர் ஆற்றில் இறங்கும் சேதி காதில் விழுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் குமுளி வழியாகப் பஸ் ஏறிவிடும் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பத்து நாள் கழித்துத் திரும்பும்போது நுழைவுச் சீட்டு ரத்தாகியிருக்கும். மறுபடி சரிபார்ப்பு, மறுபடி காத்திருப்பு, அதுவரை சம்பளமில்லை. நான் விடுப்பு விண்ணப்பத்தைப் பங்குனி பிறந்ததும் கொடுத்துவிடுவேன். அதிலும் நான்கு முறை கிடைக்கவில்லை. அந்த நான்கு முறையும் கேன்டீன் தொலைக்காட்சியில் அழகரைப் பார்த்துவிட்டு, ராடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினேன்.