பெனடிக்ட் காட்டாத சர்க்கரையை அலையாத்தி இலைல பிடிக்கிறது எப்படி

சேலத்துல பாட்டனி, பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பசங்க பிச்சாவரம் போயிட்டு வந்து அலையாத்தி (மாங்க்ரோவ்) இலைல சர்க்கரை எவ்ளோன்னு ப்ராஜெக்ட் எடுக்கறாங்க, இலையை அரைச்சு பெனடிக்ட் (சர்க்கரை இருந்தா நிறம் மாறுற நீலக் கரைசல்) ஊத்தி சூடு பண்ணி லேசா பச்சையாச்சுன்னு பார்த்து "சர்க்கரை கம்மி"ன்னு எழுதிடறாங்க. நானும் படிக்கறப்ப அப்படித்தான் எழுதுனேன். அது தப்பு.

உப்புத்தண்ணில நிக்கற மரம் உப்பை செல்லுக்குள்ள வாக்குவோல்ங்கற பைல அடைச்சு வைக்குது, வெளிய இருக்கற சைட்டோபிளாசம் தண்ணியை இழக்காம இருக்கணும்னா என்சைமை கெடுக்காத ஏதாச்சும் ஒண்ணு அங்க நிறைய கரைஞ்சிருக்கணும். ஏஜிசெரஸ், லும்னிட்செராங்கற அலையாத்தி மரங்கள்ல அது மேனிட்டால், சுரபுன்னை குடும்பத்துல பினிட்டால் மாதிரி மீத்தைல் இனோசிட்டால் வகை, ரெண்டுமே சர்க்கரை ஆல்கஹால்னு சொல்ற ரகம். பெனடிக்ட்டோட வினை பண்ற ஆல்டிஹைட் தொகுதி இதுங்களுக்கு கிடையாது, அதனால பெனடிக்ட்ல தெரியாது, சர்க்கரையை அளக்கற இன்னொரு டெஸ்ட்டான ஆந்த்ரோன்லயும் பிடிபடாது. வெண்கண்டல் இலை வேற கதை, அங்க இந்த வேலையை பெரும்பாலும் செய்யறது கிளைசின் பீட்டைன், அது சர்க்கரை வகையே இல்ல. அதனால எந்த மர இலைன்னு சரியா குறிச்சுக்கோங்க.

பறிக்க வனத்துறை பர்மிஷன் வாங்கிடுங்க. முத்துன இலையா, எல்லா மரத்துலயும் ஒரே நேரத்துல பறிங்க, காலைக்கும் சாயங்காலத்துக்கும் சர்க்கரை மாறும். இலை மேல உப்பு படிஞ்சிருக்கும், டிஸ்டில்டு வாட்டர்ல சட்டுன்னு அலசி ஒத்தி எடுத்து ஐஸ் பாக்ஸ்ல வைங்க. விருத்தாசலம், ஆத்தூர் வழியா சேலம் வந்து சேர்றதுக்குள்ள பறிச்ச இலை மூச்சு விட்டுக்கிட்டே தன் சர்க்கரையை தின்னுக்கிட்டு இருக்கும், சித்திரை வெயில்ல கவர்ல போட்டு கொண்டு வந்தீங்கன்னா கேக்கவே வேணாம்.

வந்ததும் 60 டிகிரி ஓவன்ல காய வச்சு பொடி பண்ணுங்க. ஒரு கிராம் பொடிக்கு 80% ஆல்கஹால் 20 எம்எல், வாட்டர் பாத்ல கால் மணி நேரம், இப்படி மூணு தடவை எடுத்து ஒண்ணா சேருங்க. நெருப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம். ஸ்டார்ச் இந்த ஆல்கஹால்ல கரையாது, சக்கையோட நின்னுடும், ஜவ்வரிசி ஊர்க்காரங்களுக்கு இதை சொல்லவே தேவையில்ல. சுரபுன்னைல டானின் ஜாஸ்தி, சாறு காப்பி டிகாக்ஷன் மாதிரி இருக்கும், கொஞ்சம் ஆக்டிவேட்டட் சார்கோல் போட்டு குலுக்கி வடிகட்டுங்க.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டெப். ஆல்கஹாலை முழுசா ஆவியாக்கிட்டு (வாசனை இருந்தா ஈஸ்ட் சரியா வேலை செய்யாது) மிச்சத்தை 10 எம்எல் தண்ணில கரைச்சு, பேக்கரில கிடைக்கிற ஈஸ்ட்டை ரெண்டு மூணு தடவை கழுவி அரை ஸ்பூன் போட்டு ஒரு நாள் வைங்க. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸை அது தின்னுடும், மேனிட்டாலையும் பினிட்டாலையும் சாதாரணமா தொடாது. ஆனா ஈஸ்ட் கிளிசராலை வெளிய விடும், அதனால வெறும் குளுக்கோஸ் தண்ணிக்கும் அதே ஈஸ்ட் போட்டு ஒரு கன்ட்ரோல் கண்டிப்பா வைங்க, இல்லன்னா கிளிசராலை பார்த்து ஏமாந்துடுவீங்க.

ஈஸ்ட்டுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது, கன்ட்ரோல், மேனிட்டால் ஸ்டாண்டர்டு, நாலையும் வாட்மேன் 1 ஃபில்டர் பேப்பர்ல பொட்டு வச்சு, பேப்பர் குரோமட்டோகிராஃபி முறைல பியூட்டனால், அசிட்டிக் ஆசிட், தண்ணி 4:1:5 கலந்து மேல நிக்கற லேயர்ல ஓட விடுங்க. ஸ்பாட் பார்க்க சில்வர் நைட்ரேட்டை அசிட்டோன்ல கலந்து முக்கி காய வச்சு, அப்புறம் ஆல்கஹால்ல கலந்த சோடியம் ஹைட்ராக்சைடுல முக்குங்க, பழுப்பா கறுப்பா ஸ்பாட் எழும்பும். கிளவுஸ் போடுங்க, கை கறுத்தா நாள் கணக்குல போகாது. மேனிட்டாலும் குளுக்கோஸும் இந்த பேப்பர்ல கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்கும், ஈஸ்ட் ஸ்டெப் இல்லாம பண்ணுனா எது எதுன்னு சொல்லவே முடியாது.

பினிட்டால் ஸ்டாண்டர்டு விலை அதிகம். அதுக்கு நம்ம ஊர் காம்பவுண்டு சுவர்ல தொங்கற காகிதப்பூ இலை போதும், அதுல பினிட்டால் இருக்குன்னு 1987-லயே இந்திய ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க. அந்த இலையையும் இதே மாதிரி எடுத்து பக்கத்துல பொட்டு வைங்க, ஈஸ்ட்டுக்கு அப்புறம் ரெண்டு இலையோட ஸ்பாட்டும் ஒரே உயரத்துல நின்னா பினிட்டாலா இருக்கலாம்னு எழுதலாம். பினிட்டாலேதான்னு உறுதியா எழுதணும்னா எச்பிஎல்சி (கலவைல இருக்கறதை துல்லியமா பிரிச்சு காட்டுற மெஷின்) இருக்கற லேபுக்கு ஒரு சாம்பிள் அனுப்பிப் பாருங்க.