நெட்வொர்க் டிரைவரின் பாக்கெட் வரம்பை நிர்வாகி மாற்றும்படி செய்வது எப்படி: ஃபிரீபிஎஸ்டி கெர்னலில் ஒரு செய்முறை விளக்கம்

ஃபிரீபிஎஸ்டி இயக்கமுறைமையின் மையமான கெர்னலில், நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவர் ஒரு சுற்றில் எத்தனை பாக்கெட்டுகளை எடுத்துக் கையாள வேண்டும் என்பதற்கு மூலநிரலில் ஒரு வரம்பு இருக்கும். இன்டெல் கார்டுகளுக்கான பழைய இஎம் டிரைவரில் அதன் இயல்பு மதிப்பு 100 ஆக இருந்தது. ஒரு கிகாபிட் இணைப்பில் 64 பைட் ஃபிரேம்கள் நொடிக்கு 14,88,095 வரை வரக்கூடும். வரம்பே இல்லையெனில் அவற்றை எடுத்து வைப்பதிலேயே சிபியூ மூழ்கிவிட, மற்ற பணிகளுக்கு முறை வராமல் போகும். வரம்பு மிகக் குறைவாக இருந்தாலோ, வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் வட்ட வரிசையான ரிங் நிரம்பி பாக்கெட்டுகள் இழக்கப்படும். ரவுட்டருக்கும் தரவுத்தள சர்வருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதால், அதை நிர்வாகியிடம் ஒப்படைப்பதே சரி.

முதலில், மாற்றப்போகும் எண் எவ்வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். ரிங்கின் அளவுக்கேற்ப, கார்டு இணைக்கப்படும்போதே நினைவகம் ஒதுக்கப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கையில் அதை மாற்றுவதென்றால் போக்குவரத்தை நிறுத்தி அனைத்தையும் மீண்டும் ஒதுக்க வேண்டும். ஆகவே அதைத் தொடக்கத்தில் மட்டும் அமைக்க விடுவது நல்லது. பாக்கெட் வரம்போ வெறும் எண். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அடுத்து, டிரைவரின் மூலநிரலில் 100 என்ற இயல்பு மதிப்புடன் ஒரு பொது மாறியை அறிவித்து, அதை சிஸ்சிடிஎல் மரத்தின் (கெர்னல் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் பெயர்ப் பட்டியல்) வன்பொருள் கிளையில், 'படிக்க மட்டும், லோடரில் (கெர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) அமைக்கலாம்' என்னும் கொடியுடன் பதிவு செய்யுங்கள். லோடரின் அமைப்புக் கோப்பில் நிர்வாகி எழுதும் மதிப்பு இனி இம்மாறிக்குத் தானாக வந்துவிடும்.

மூன்றாவதாக, கார்டு இணைக்கப்படும்போது இயங்கும் அட்டாச் செயற்கூறில் அம்மதிப்பை ஒவ்வொரு கார்டுக்குமுரிய தரவுக் கட்டமைப்பில் பிரதியெடுத்து, அந்தக் கார்டின் சொந்தக் கிளையில் எழுதக்கூடிய ஒரு சிஸ்சிடிஎல்லைச் சேருங்கள். கெர்னல் அந்தக் கார்டுக்கென வைத்திருக்கும் சிஸ்சிடிஎல் சூழலையே பயன்படுத்தினால், கார்டு கழற்றப்படும்போது அந்தப் பதிவு தானே நீங்கிவிடும்.

அடுத்த படியில்தான் அதிகக் கவனம் தேவை. எழுதப்படும் எண்ணை நேரடியாக மாறியில் விழவிடாமல், இடையில் ஒரு சரிபார்ப்புச் செயற்கூறை வையுங்கள். அது நடப்பு மதிப்பை உள்ளூர் மாறி ஒன்றில் எடுத்துக்கொண்டு, முழு எண்ணைப் படிக்கவும் எழுதவும் கெர்னலிலேயே உள்ள பொதுக் கையாளியை அழைக்க வேண்டும். பிழை வந்தாலோ, கோரிக்கையில் புதிய மதிப்பே இல்லாவிட்டாலோ, அங்கேயே திரும்பிவிட வேண்டும். இந்த வகை டிரைவர்களில் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்து 0 ஆகும்போது சுழற்சி நிற்பதால், 0 என்று அமைத்தால் ஒரு பாக்கெட்டும் எடுக்கப்படாது. -1 என்பது ஒருபோதும் 0 ஐத் தொடாது என்பதால் 'வரம்பில்லை' என்று பொருள்படும். எனவே -1 ஐயும் நேர்ம எண்களையும் மட்டும் ஏற்று, மற்றவற்றுக்குத் 'தவறான மதிப்பு' என்ற பிழையைத் திருப்புங்கள். லோடர் வழியாக வரும் மதிப்பு இச்செயற்கூறைக் கடந்து வருவதில்லை. அதனால் இதே சோதனையை அட்டாச்சிலும் செய்து, பொருந்தாவிட்டால் இயல்பு மதிப்புக்கே திரும்பி, அதைக் கன்சோலில் தெரிவியுங்கள். தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான்.

பாக்கெட்டுகளைப் பெறும் செயற்கூறு தொடங்கும்போது வரம்பை ஒரே முறை உள்ளூர் மாறிக்குப் படித்து, அதைத்தான் குறைத்துவர வேண்டும். கட்டமைப்பில் உள்ள மதிப்பையே குறைத்தால், நிர்வாகி அமைத்த எண் முதல் சுற்றிலேயே கரைந்துவிடும். 12ஆம் பதிப்பு முதல் இஎம் டிரைவர் ஐஃப்லிப் என்னும் பொதுச் சட்டகத்தில் இயங்குவதால் அச்சுழற்சி இப்போது அங்கே இருக்கிறது. எனவே, சுழற்சியைத் தானே வைத்திருக்கும் டிரைவர்களுக்கே இந்தச் செய்முறை பொருந்தும்.

கெர்னலைத் தொகுத்து மறுதொடக்கம் செய்தபின், போக்குவரத்து ஓடும்போதே வரம்பை 50, 500, -1 என மாற்றி, சிபியூ பயன்பாட்டையும் இழந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பிறகு 0 ஐயும் -5 ஐயும் எழுதிப் பாருங்கள்: இரண்டும் மறுக்கப்பட்டு, பழைய மதிப்பு மாறாமல் இருக்க வேண்டும்.