டிராக்டருக்கு எல்.இ.டி. ஒர்க் லைட்: காசை வாட்டில் போடாதீர்கள், ஒயரில் போடுங்கள்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் தொளி உழவுக்கு (சேற்று உழவுக்கு) ராத்திரி பகல் கிடையாது. டிராக்டரோடு வரும் பின்பக்க உழவு லைட்டை நம்பினால் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரின் ஒரு ஓரம் தெரியும், மறு ஓரம் இருட்டில் கிடக்கும். 40–50 ஹெச்.பி. டிராக்டருக்கு 18 வாட் விளக்கு நான்கு போதும்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒயர், ரிலே (சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) எல்லாம் சேர்த்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு ரூபாயில் முடிந்துவிடும்.

வாங்கும்போது ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். உள்ளங்கை அளவு விளக்கில் "200 வாட்" என்று ஒட்டி விற்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து ஒயருக்கு நடுவே இணைத்துப் பாருங்கள். நிஜமான 18 வாட் விளக்கு ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அரை ஆம்பியர்தான் காட்டினால் அது 6 வாட் விளக்கு. வேலைக்கு, வெளிச்சத்தை அகலமாகப் பரப்பும் 'ஃப்ளட்' வகைதான் சரி. 'ஸ்பாட்' வகை தூரத்தில் ஒரு வட்டமடிக்கும், காலடியில் இருட்டாக இருக்கும். 10–30 வோல்ட், ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று இருக்கட்டும். நடவு வயலில் பூச்சித் தொல்லை அதிகமென்றால் மஞ்சள் ஒளி விளக்கு எடுக்கலாம். வெள்ளைக்கு மொய்க்கும் அளவு அதற்கு மொய்க்காது.

மற்ற சாமான்கள்: 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே சாக்கெட்டோடு 2, ஸ்விட்ச் 2, மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர் 1, 10 ஆம்பியர் ஃபியூஸ் (கையில் இரண்டு உபரி), 2.5 சதுர மி.மீ. ஒயர் 5 மீட்டர், 1.5 சதுர மி.மீ. சிவப்பும் கறுப்பும் தலா 12 மீட்டர், ஸ்விட்சுக்கு 0.75 ஒயர் 5 மீட்டர், ஃப்ளெக்சிபிள் பைப், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்), கேபிள் டை. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம். டிராக்டர் அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே ஒடியும். மேலே தோல் மட்டும் முழுசாக இருக்கும்.

பலரும் செய்கிற தப்பு, ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்தே ஒரு ஒயரை இழுத்துவிடுவது. அந்த ஸ்விட்ச் ஏற்கெனவே ஹெட்லைட்டின் எட்டு, ஒன்பது ஆம்பியரைச் சுமக்கிறது. கூட ஆறு ஆம்பியர் ஏறினால் கான்டாக்ட் சூடேறி, பிளாஸ்டிக் உருகும். அதனால்தான் ரிலே. அதன் காயிலுக்கு (உள்ளிருக்கும் கம்பிச் சுருளுக்கு) 0.2 ஆம்பியர்கூட வேண்டாம், ஸ்விட்ச் சூடாகவே ஆகாது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். விளக்குக்குப் பட்டை வெல்டிங் செய்வதாக இருந்தால் இது கட்டாயம்.

பேட்டரி பாசிடிவிலிருந்து 2.5 ஒயர். ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வந்துவிட வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் உராய்ந்து பாடியில் பட்டால் காப்பாற்ற எதுவுமில்லை. அங்கிருந்து இரண்டு ரிலேயிலும் 30 என்று எண் போட்ட காலுக்கு. முதல் ரிலேயின் 87 முன் விளக்குகளுக்கு, இரண்டாவதன் 87 பின் விளக்குகளுக்கு, 1.5 ஒயரில். 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகடிவுக்கு. 86-க்கு ஸ்விட்ச் வழியாக வரும் ஒயர். ஐந்து கால் உள்ள ரிலேயில் நடுவே 87ஏ இருக்கும், அதைத் தொட வேண்டாம். தவறி அதில் விளக்கைக் கொடுத்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது விளக்கு எரியும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

ஸ்விட்சுக்குச் சப்ளையை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து எடுங்கள். டெஸ்ட் லாம்பை வைத்து, சாவியைத் திருப்பிப் பார்த்தால் ஃபியூஸ் பெட்டியில் கிடைத்துவிடும். நான்கும் எரிந்தால் ஆறு ஆம்பியர். இன்ஜின் நின்றிருந்தால் புது 75 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியே ஆறு மணி நேரத்தில் பாதி காலியாகும். பழைய பேட்டரி அவ்வளவு தாங்காது.

பத்துக்கு எட்டுக் கோளாறு எர்த்தில்தான். விளக்கைப் பிடிக்கும் போல்ட்டே எர்த் என்று விட்டுவிட்டால், பெயின்டும் துருவும் சேர்ந்து விளக்கு மினுங்கும். ஒவ்வொரு விளக்கின் கறுப்பு ஒயரையும் கூட்டி ஒரே ஒயராக பேட்டரி நெகடிவுக்கே கொண்டு வாருங்கள். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (இடுக்கியால் லக்கை நசுக்கிப் பிடித்து) ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சால்டரிங் உறுதி என்று தோன்றும்; ஆனால் ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடிகிறது.

பின் விளக்குகளை மட்கார்டின் மேல் வெளி ஓரத்தில் அல்லது டாப்பின் பின் மூலைகளில் வையுங்கள். ரோட்டாவேட்டரை இறக்கிவிட்டு, வெளிச்சம் அதன் முழு அகலத்திலும் பின்னால் இரண்டு மூன்று மீட்டரிலும் விழும்படி சாய்க்க வேண்டும். முன் விளக்கை டாப்பில் வைத்தால் பானெட் பளபளப்பு கண்ணில் அடிக்கும். புழுதி உழவில் இன்னும் மோசம், வெளிச்சம் புழுதியில் பட்டு வெள்ளைச் சுவராக நிற்கும். பம்பருக்கு மேலே, கிரில்லின் இரு பக்கமும் வைப்பதே நல்லது. முள்ளு வேலி ஓரம் உழுபவர்கள் கம்பிக் காவல் ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

ஒயர் சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளியே போகட்டும். ஹைட்ராலிக் லிஃப்ட் கையை முழுதாக ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து, எங்கேயாவது ஒயர் இழுபடுகிறதா, நசுங்குகிறதா பாருங்கள். ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் ஒயரே போகக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு நான்கையும் எரியவிடுங்கள். பேட்டரி முனையில் ஒரு வோல்டேஜ் அளவு, கடைசி விளக்கின் முனையில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. ஃபியூஸ் போகிறது என்று 30 ஆம்பியர் போடாதீர்கள், அப்புறம் ஒயர்தான் ஃபியூஸ் ஆகும். அடிக்கடி எல்.இ.டி. செத்தால் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஓடும்போது தொடர்பு விட்டுவிட்டு வந்தால் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரின்) வோல்டேஜ் திடீரென எகிறி விளக்கைத் தீர்த்துவிடும்.

ரோட்டில் ஏறும்போது பின்பக்க ஒர்க் லைட்டை அணைத்துவிட வேண்டும், பின்னால் பைக்கில் வருபவனுக்குக் கண் தெரியாது. ரிலேயை இரண்டாகப் போடச் சொன்னது அதற்காகத்தான். கழுவும்போது பிரஷர் பம்பை விளக்கின் ஓரத்தில் நேராகப் பிடிக்காதீர்கள், ஐபி67 அதற்கான உத்தரவாதம் இல்லை. விளக்கின் முதுகிலுள்ள தகடுகளில் சேறு காய்ந்து அடைத்தால் சூடு வெளியேறாது, அதைச் சுரண்டிவிடுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பட்டையின் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், நைலாக் நட்டு (நைலான் வளையம் உள்ள நட்டு) போடாதவை நிச்சயம் தளர்ந்திருக்கும்.