தகலோக் சொல் அகராதியில் இல்லையா? திருப்பிப் படியுங்கள்

பிலிப்பைன்ஸ்காரர் அனுப்பும் செய்தியில் அகராதிக்குச் சிக்காத தகலோக் சொல் வந்தால், அசைகளை இடம் மாற்றிப் படியுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால், எழுத்துகளைக் கடைசியிலிருந்து படியுங்கள்.

அங்கே பேச்சுவழக்கில் சொற்களைத் திருப்பிப் போடுவது பழகிப்போன விளையாட்டு. அதன் பெயரான ‘டாட்பாலிக்’கே, தலைகீழ் என்று பொருள்படும் ‘பாலிக்டாட்’ திரும்பியதுதான், என்ன அழகு! ‘வெர்பா’வைத் திருப்பினால் ‘பாவெர்’, அதாவது பவர். ‘லோடி’ (lodi) என்பது எழுத்தெழுத்தாகத் திருப்பிய ஆங்கில ‘ஐடல்’ (idol). கெத்தானவரைக் குறிக்கும் ‘அஸ்டிக்’, கடினம் என்னும் ‘டிகாஸ்’ஸிலிருந்து வந்தது.

ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் நுழைந்த சொற்களுக்கு இது உதவாது. நலம் விசாரிக்கும் ‘குமுஸ்தா’வை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஸ்பானிய ‘கோமோ எஸ்தா’ காதில் விழும்.