சோலார் போர்டு செய்ய சேலத்துல பட்டறை தேடுறீங்களா? மொதல்ல அங்க குப்பைக்கூடைய பாருங்க

சோலார் லைட்டுக்கு சார்ஜ் கன்ட்ரோலர் போர்ட (பேட்டரி சார்ஜ் ஆகறத கட்டுப்படுத்தற போர்டு) சேலத்துலயே அசெம்பிள் பண்ண முடியுமா, யாருகிட்ட குடுக்கலாம்னு நெறைய பேரு கேக்குறாங்க. தாராளமா முடியும். ஆனா ரேட்டு மட்டும் கேட்டுட்டு குடுத்துடாதீங்க, நான் அப்டி குடுத்துதான் மாட்டுனேன்.

ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீடுகளுக்கு 200 லைட்டு, ஆடி பொறக்கறதுக்குள்ள வேணும்னு ஒரு பட்டறைக்கு பத்தே நாள் டைம் குடுத்தேன். சொன்ன தேதிக்கு வந்துடுச்சு, ஐப்பசி மழையும் பனிமூட்டமும் வந்ததும் ஒண்ணொண்ணா அணைய ஆரம்பிச்சுது. ஒரு பாக்ஸ பிரிச்சா போர்டு பின்னாடி காலு காலுக்கு பச்சை பூத்திருக்கு, ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்கு போடற பசை) பிசுக்கு அப்டியே இருக்கு. விசாரிச்சு பாத்தா பாதி போர்டு பட்டறையிலயே ஓடல, நாலு தெரு தள்ளி வீடுகளுக்கு போயிருக்கு, ஒரு அக்கா சமையக்கட்டு மேடையில வெச்சு பீஸ் ரேட்டுக்கு ஈயம் பத்த வெச்சிருக்காங்க (சால்டரிங்தான்), பக்கத்துலயே அவங்க பாப்பா ஹோம்ஒர்க் எழுதிட்டு இருக்கு. கொலுசு வேலை வீடு வீடா போற ஊருலயே பொறந்து வளந்துட்டு எனக்கு இது தோணல பாருங்க. அந்தக்காவோட கைவேலையில குறையே இல்ல, அந்த பிசுக்க தொடைக்கற ஆல்கஹால், ஐபிஏம்பாங்க, அத யாரும் வாங்கி குடுக்கல, அவ்ளோதான்.

அதனால மொத கேள்வி இதான்: "என் போர்டு எந்த டேபிள்ல ஓடும்ணே, வெளிய குடுப்பீங்களா?" ஒயர் வெட்டறது, பாக்ஸ் மாட்டறது, ஸ்டிக்கர் ஒட்டறது வீட்டுக்கு போகலாம், ஒரு பீஸுக்கு எவ்ளோ தராங்கனு மட்டும் கேட்டுக்கங்க. ஈயம் பத்தற வேலை போகவே கூடாது.

அப்புறம் நேர்ல போங்க, வேலை ஓடுற நேரத்துல. பொகை எங்க போகுதுனு பாருங்க. ரோசின் ஃப்ளக்ஸ் பொகைய வருஷக்கணக்கா இழுத்தா ஆஸ்துமா வரலாம், சீலிங் ஃபேன் அத மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும், ஒவ்வொரு டேபிள்லயும் பொகைய பக்கத்துலயே இழுக்கற எக்ஸாஸ்ட் இருக்கணும். ஈயத்துல இருக்கற காரீயம் கையில ஒட்டி சோத்தோட உள்ள போயிடக்கூடாது, அதனால கை கழுவற எடத்துல சோப்பு இருக்கா, டிபன் பாக்ஸ் எங்க வெச்சிருக்காங்க, இதெல்லாம் கேக்க வேணாம், கண்ணால பாத்தாலே போதும். அப்டியே குப்பைக்கூடைய ஒரு பார்வை பாருங்க. ஓனரு "நாங்க லெட் ஃப்ரீதான் (காரீயம் கலக்காத ஈயம்) சார்"ம்பாரு, கூடையில கெடக்கற காலி சுருள் லேபிள்ல எஸ்என் 63னு இருந்தா அதுல 37 சதவீதம் காரீயம். மின்கழிவு விதிகள் 2022ல பட்டியல்ல வர்ற சாமானுக்கு காரீயம் 0.1 சதவீதம் தாண்டக்கூடாது. ஆனா ஒண்ணு, காரீயம் கலந்த பழைய ஈயம் 183 டிகிரியிலயே உருகிடும், வழக்கமா வர்ற லெட் ஃப்ரீக்கு 217 டிகிரியாவது வேணும், பத்த வெக்கற அயர்னோட டிப் சீக்கிரம் தேயும், அதனால ரேட்டு கொஞ்சம் ஏத்தி கேப்பாங்க, அங்க போயி பேரம் பேசாதீங்க.

பத்து பேரு இருந்தாலே இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) உண்டு, சம்பளம் 21,000 வரைக்கும். போன மாசம் பணம் கட்டுன சலானோட ஆளுங்க பேர் பட்டியலயும் காட்ட சொல்லி அதுல இருக்கற பேர எண்ணுங்க, ஷெட்ல இருக்கற தலையயும் எண்ணுங்க. பட்டியல்ல எட்டு பேரு, ஷெட்ல பதினாறு பேருன்னா டீ குடிச்சுட்டு கெளம்பிடுங்க.

நம்ம பக்கமும் இருக்கு. சின்ன பட்டறைக்கு எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள், எம்எஸ்எம்இ (சிறுதொழில்) சட்டம் 2006ல இருந்தே இதான். நாம மூணு மாசம் இழுத்தா அவரு எங்கிருந்து பொண்ணுங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் போடுவாரு, எக்ஸாஸ்ட் வாங்குவாரு?

இப்ப நான் குடுக்கற எடத்துல மொத தடவ போனப்பயும் ஆடி டெலிவரிதான் கேட்டேன். "தம்பி, கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரம் யாரும் வர மாட்டாங்க, நானே வர மாட்டேன், ஆவணிக்கு வெச்சுக்கங்க"னு பட்டறைய நடத்தற அம்மா சட்டுனு சொல்லிட்டாங்க. அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

ஏற்காட்டுக்கு போற போர்டுனா ஈரம் ஏறாம தடுக்கற கோட்டிங் அடிக்காம வாங்காதீங்க. மொதல்ல 20 மட்டும் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க மேல தொங்க விட்டு பாத்துட்டு மிச்சத்த குடுங்க. செத்த போர்ட திருப்பி எடுத்துக்குவாங்களானு அப்பயே பில்லுல எழுதி வாங்கிக்கங்க.